உயிரோடு போகவேண்டிய பொதி

கலிஸ்ரா சைக்கிளை ஸ்டேஷன் மதிலில் சாய்க்கவில்லை. விழுத்திவிட்டு ஓடினாள். பின்சில்லு தன்பாட்டில் சுற்றிக்கொண்டு கிடந்தது.

பின்னேர ரயில் வந்து நின்றது. இராணுவச் சோதனை முடிந்து சுண்ணாம்புக் குறி போட்ட பெட்டிகளைச் சாமான் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வெள்ளை ரெஜிபோம் மீன் பெட்டிகள். எல்லாவற்றிலிருந்தும் ஐஸ் தண்ணீர் சொட்டியது. எது யாருடையது என்று கடவுளுக்கும் முபாறக் நானாவுக்கும்தான் தெரியும்.

"நானா, எங்கடை அண்ணை தந்த பெட்டி எது?"

"இந்தா, இதுதான் தங்கச்சி. இறால் பெட்டி. ஏன், குறையுதோ?"

பெட்டியைச் சுற்றி ஒட்டியிருந்த நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தாள். மூடி திறந்ததும் ஐஸை இரண்டு கையாலும் வாரி நிலத்தில் கொட்டிவிட்டுத் துழாவினாள். இறாலின் கொம்பு ஒன்று விரலில் ஏறியது. அடியில், பால்மா ரின் ஒன்று. அதற்குள், சொப்பிங் பையில் சுற்றிய மூன்று கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்: வின்சன், கலிஸ்ரா, கம்சா.

குழாய்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பல்லுக் கூசியது.

"போச்சு" என்று அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

கதை தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து வவுனியாவில் ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்ட யோசெப் - புனிதம் குடும்பத்தில் பிள்ளைகள் மூன்று. மூத்தவன் வின்சன், சந்தையில் மீன் விற்கிறான். அடுத்தவள் நம்முடைய கலிஸ்ரா, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையில் வேலை. அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் தொட்டில் கட்டாமல் இருந்துவிட்டு, ஊரே வாயில் கை வைக்கும்படி வந்து பிறந்த கடைக்குட்டி கம்சா. எட்டு வயது. தை மாதத்திலிருந்து அவளுக்கு முட்டாமல் மோதாமல் காலெல்லாம் நீலம் கண்டுபோகிறது. பல்லு விளக்கினால் இரத்தம். நாலடி நடந்தால் இளைப்பு. எலும்புக்குள்ளே இரத்தம் விளைகிற மச்சை வற்றிக்கொண்டு போகிறது என்று டொக்டர் விமலேஸ்வரி சொன்னதோடு போன கிழமை நிறுத்தியிருந்தோம்.

அந்த டொக்டர் அக்கராயன்காரி. வயலும் மாடும் பார்த்து வளர்ந்தவர். படித்த சொற்களை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வார்ட்டுக்குள் வருவார். நேற்று வீட்டாரைக் கட்டிலைச் சுற்றி இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். மச்சைக்குள்ளே மூலக்கலம் என்று ஒன்று இருக்கிறதாம். அது இரண்டாகப் பிரியுமாம். ஒன்று மூலக்கலமாகவே வீட்டோடு நின்றுவிடும். மற்றது வெளிக்கிட்டு, மூச்சைச் சுமக்கிற சிவப்புக் கலமாகவோ, நோயோடு சண்டை பிடிக்கிற வெள்ளைக் கலமாகவோ, காயத்தை அடைக்கிற சின்னத் தட்டாகவோ மாறி வேலைக்குப் போகும். வேலைக்குப் போனது கொஞ்சக் காலத்தில் தேய்ந்து முடியும். வீட்டில் நின்றது திரும்பத் திரும்பப் பெற்று அனுப்பிக்கொண்டேயிருக்கும். கம்சாவிடம் அந்த வீட்டில் நிற்கிற கூட்டம்தான் அழிந்துகொண்டு போகிறது. வெளியிலிருந்து எத்தனை பை இரத்தம் ஏற்றினாலும், அது வேலைக்காரரை ஏற்றுவதுதான். பெறுகிறவர்களைத்தான் ஏற்றவேண்டும்.

"ஆரிட்டையிருந்து?" என்று வின்சன் கேட்டான்.

கூடப்பிறந்தவர்களிடமிருந்து. இடுப்பெலும்பில் ஊசி விட்டு மச்சையை உறிஞ்சி எடுப்பார்கள். கொடுத்தவருக்கு அது சில கிழமைகளில் திரும்ப ஊறிவிடும். எடுத்ததைக் கம்சாவின் நரம்புக்குள் இரத்தம் மாதிரியே சொட்டுச் சொட்டாக ஏற்றினால் போதும்.

"நரம்புக்குள்ளை விட்டா அது எலும்புக்குள்ளை எப்பிடிப் போறது டொக்டர்? வழி ஆர் காட்டுறது?"

"பின்னேரத்திலை எருமை பட்டிக்கு வருது. அதுக்கு ஆர் வழி காட்டுறது?"

வின்சன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் மனம் மூடவில்லை. எலும்பில் இருந்து எடுக்கப்போகிறார்கள் என்றதும், ஆட்டுக்கால் சூப் குடித்துத் தன் எலும்பைத் தயார்ப்படுத்த நினைத்தான். தவக்காலம். இறைச்சி தொடாத நாட்கள். கோயிலுக்குப் போய்ப் பாதரிடம் அனுமதி கேட்டான். பாதர் சிரித்துவிட்டு, உயிர்த்த ஞாயிறு வரை உன் எலும்பு தாங்கும் மகனே, போய் மீனைத் தின் என்று அனுப்பிவிட்டார்.

யோசெப் தன் பங்குக்கு, இந்த மூலக்கலத்தில் இரண்டைத் தன் முழங்காலிலும் போட்டுவிட முடியுமா என்று விசாரித்தார். முறிந்த முள்ளந்தண்டுக்கும் பழுதான இருதயத்துக்கும் கூட மூலக்கலத்தால் வழி வருமா என்று உலகத்தில் பலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அது இன்னும் ஆய்வுகூடத்துப் படி தாண்டவில்லை, உங்கள் முழங்காலும் அந்த வரிசையில் நிற்கட்டும் என்றார் டொக்டர்.

சிரிப்பெல்லாம் பொருத்தம் என்ற சொல் வரும் வரைதான். புதிதாக வருகிற மூலக்கலங்கள்தான் உடம்பின் காவல்காரரையும் பெறப்போகின்றன. அந்தக் காவல்காரருக்குக் கம்சாவின் உடம்பு அயல் வீடாகத் தெரிந்தால், அதையே அடித்து நொறுக்கிவிடுவார்கள். இரத்தக் குறூப் ஒன்றாக இருப்பது இதற்குப் போதாது. வேறு நுட்பமான பொருத்தம் பார்க்க வேண்டும். கூடப்பிறந்த ஒருவருக்கு அது சரிவருவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பார்க்கிற இடம் கொழும்பில். புதுவருஷமும் பெரிய வெள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்த இந்த வருஷத்தில், அந்த ஆய்வுகூடம் நாளை மத்தியானத்தோடு கதவைச் சாத்துகிறது. இந்தியாவில் ஓர் ஆஸ்பத்திரி கம்சாவுக்கென்று ஒரு கட்டிலைப் பிடித்து வைத்திருக்கிறது. மாத முடிவுக்குள் பொருத்தம் தெரியாவிட்டால் கட்டில் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும்.

இன்று காலை மூவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். இராணுவத்திடம் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய் வர வீட்டாருக்கு அவகாசமில்லை. முபாறக் நானா ஒருநாள் விட்டு ஒருநாள் மீன் பெட்டிகளோடு கொழும்பு போகிறவர். முல்லைத்தீவில் இரண்டு வளவு தள்ளி இருந்தவர். அவரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு. கலிஸ்ரா கடைக்கு ஓடவேண்டியிருந்ததால் பொதியை அண்ணன் கையில் கொடுத்து, "பழுதாகாமல் குடுத்துவிடு அண்ணை" என்றாள்.

மீன்காரனிடம் பழுதாகாமல் என்றால் அவன் என்ன செய்வான்?

மத்தியானம் சாப்பிட வந்தவளிடம் தாய் புனிதம் பெருமையாகச் சொன்னாள், வின்சன் நல்ல வடிவாக ஐஸ் அடுக்கி, இறாலுக்கு நடுவில் வைத்துக் கட்டினதைத் தானே கண்ணால் கண்டதாக. கலிஸ்ரா கையில் எடுத்த சோற்றைக் கோப்பையில் போட்டாள். குளிரில் வைக்கக்கூடாது என்று காலையில் டொக்டர் சொன்னதை அவள் அண்ணனிடம் சொல்ல மறந்திருந்தாள்.

"பிள்ளை, கொஞ்சம் இரு. உன்னோடை ஒரு கதை கதைக்க வேணும்" என்று தாய் மறித்தாள். மூன்று நாளாக இதே மறிப்பு.

"வந்து கதைக்கிறன் அம்மா" என்ற சத்தம் படலைக்கு வெளியிலிருந்து கேட்டது.

இனி ஸ்டேஷனுக்கு வருவோம்.

ஸ்டேஷன் மாஸ்ரர் வீரையாவின் மேசையில் இருந்த ரெலிபோனில் டொக்டரைப் பிடிக்க, அவள் நாலு முறை எண்ணைச் சுழற்றவேண்டி வந்தது. ஐஸில் வைத்து எவ்வளவு நேரம் என்று டொக்டர் கேட்டார். காலையிலிருந்து என்றாள். பிறகு, ஏசாமல், பொறுமையாகச் சொன்னார்.

"மீன் செத்தது பிள்ளை. செத்ததைப் பழுதாகாமல் வைக்கத்தான் ஐஸ். இது உயிரோடை போகவேணும். அங்கை உயிருள்ள கலத்திலைதான் பொருத்தம் பாப்பினம். விறைச்ச கலம் ஒண்டும் சொல்லாது."

"இனி என்ன டொக்டர் செய்யிறது?"

"ரயில் எப்ப வெளிக்கிடுது?"

கலிஸ்ரா வீரையாவைப் பார்த்தாள். வீரையா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்க்காதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார். என்ஜினுக்குத் தண்ணி, எண்ணெய் என்று ஏதாவது ஒரு குறை எப்போதும் இருக்கும், கெதியாக வரச்சொல்லுங்கோ என்றார்.

அடுத்த அழைப்பு அவள் வேலை செய்கிற தொலைபேசிக் கடைக்கு. முதலாளியே சந்தைக்கு ஆள் அனுப்பினார். மீன் செதிள் ஒட்டின கையோடும், இடுப்பில் கட்டிய சாக்குத் துண்டோடும் வின்சன் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வாடின பாரை மீனின் கண் மாதிரி ஆகிவிட்டது.

"தங்கச்சி, நான் நல்லதுக்குத்தானே... மூண்டு கட்டி ஐஸ் போட்டனான்."

"தெரியும் அண்ணை. மூண்டு கட்டி."

அவனை ஏச வாய் வரவில்லை. இந்தக் குடும்பத்தில் அருமையான எதையும் ஐஸில் வைத்துத்தான் பழக்கம். கம்சாவின் முதல் நற்கருணைக் கேக்கும் வின்சனின் மீன் பெட்டியில்தான் வந்து சேர்ந்தது. திருக்கை மணத்தோடு தின்று முடித்தார்கள்.

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு சடாரென்று நிமிர்ந்தான்.

"அப்ப இது மீன் இல்லை. நண்டு."

"என்ன?"

"உயிர் நண்டு அனுப்பேக்கை ஐஸ் வைக்கிறேல்லை. விறைச்சுச் செத்துப்போம். ஈரச்சாக்கிலை சுத்தி, வெயில் படாமல், மூச்சு விட விட்டுத்தான் அனுப்புறது. காலமையே நண்டு மாதிரி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் பிழைவிடுவனோ?"

அந்த ஒரு சொல் டொக்டருக்கும் தோன்றவில்லை, கலிஸ்ராவுக்கும் தோன்றவில்லை.

ஸ்டேஷன் வாசலில் சின்ன மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து இருமி நின்றது. வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் டொக்டர் விமலேஸ்வரி இறங்கினார். தோளில் துணிப்பை. பைக்குள் ஒரு குழாய் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. கம்சாவிடம் இரண்டாம் முறை எடுத்தது.

கலிஸ்ராவுக்கு அதைப் பார்க்கத்தான் கண் கலங்கியது. அந்த உடம்பில் ஒரு துளி இரத்தமும் சும்மா கிடக்கிற இரத்தமில்லை.

"அழுதவளோ டொக்டர்?"

"இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டவ. அண்ணனுக்கு ஊசி போடேக்கை இந்த முறை பாடக்கூடாதாம்."

காலையில் நடந்த கூத்து அது. சுறாவை ஒரே வெட்டில் துண்டாக்குகிற வின்சனுக்கு ஊசி என்றால் கண் இருட்டும். பயம் தெரியாமலிருக்கப் பெரிய வெள்ளிக்குப் பாடுகிற பசாமை எடுத்துவிட்டான். கல்வாரி வரை நீண்டு போகிற அந்த ஒப்பாரியைக் கேட்டு, பக்கத்து வார்ட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து முதலில் கலிஸ்ரா கையை நீட்டினாள். முடிந்தது. அடுத்தது வின்சன். கம்சாவின் நிபந்தனைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஊசி தோலைத் தொட்டதும் அவனை மீறி மூக்கால் ஒரு இராகம் வெளியே வந்தது. ரயில் ஜன்னலுக்குள் இருந்த ஒரு வயதான மனுசி, தவக்காலத்தில் பசாம் கேட்டால் சும்மா இருக்கலாமா என்று அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அடுத்த ஜன்னலும் சேர்ந்துகொண்டது. வெற்றிலை வாயோடு முபாறக் நானா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். குழாய் நிரம்பி முடியும்போது கல்வாரிப் பாதை பாதி தூரம் போயிருந்தது.

"முடிஞ்சுது. கண்ணைத் திறவுங்கோ" என்றார் டொக்டர்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வின்சன் மயங்கி விழுந்தான். விழுந்த இடத்தில், கலிஸ்ரா கொட்டிவிட்ட ஐஸ் கிடந்ததால் உடனே எழும்பியும் விட்டான்.

மூன்று குழாய்களையும் மெல்லிய துணியில் சுற்றி டொக்டர் முபாறக் நானாவிடம் கொடுத்தார். ஐஸ் வேண்டாம், வெயில் வேண்டாம், சீற்றுக்குக் கீழே வைக்க வேண்டாம், சட்டைப் பைக்குள் வைத்து, கொழும்பில் விடிந்ததும் நேரே ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும் என்றார்.

"நண்டு மாதிரி நானா" என்று வின்சன் குறுக்கே விழுந்தான்.

முபாறக் நானா துணிப்பொதியைப் பைக்குள் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "என்ரை பெண்சாதி பர்வின் கண்டாவெண்டா சண்டைக்கு வருவா தங்கச்சி. என்ரை பிள்ளையள் ஒண்டையும் நான் இப்பிடித் தூக்கினதில்லை."

வீரையா பச்சைக் கொடியை எடுத்தார். என்ஜினுக்கு இருந்த குறையெல்லாம் அந்த நொடியே தீர்ந்துவிட்டது. ரயில் நகர்ந்தது. ஜன்னலில் முபாறக் நானாவின் ஒரு கை அசைந்தது. மற்றக் கை நெஞ்சை விட்டு எடுபடவில்லை.

ஐஸ் இழந்த இறாலை என்ன செய்வது என்று வின்சன் கேட்க, வீரையா சட்டியோடு வந்தார்.

வெயில் தாழ்ந்த நேரம் வார்ட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கம்சா தலையணையில் சாய்ந்துகொண்டு, முழங்கையில் ஒட்டின பஞ்சை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பாடினானா இல்லையா என்று விசாரணை நடந்தது. பாடவில்லை, ரயிலில் இருந்த ஒரு மனுசிதான் பாடியது என்று வின்சன் சத்தியம் பண்ணினான். யோசெப் ஒரு தோடம்பழத்தை உரித்து மகளுக்குச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். புனிதம் கட்டில் காலடியில் இருந்தாள். அவளுக்கு மட்டும் சிரிப்பு உதட்டோடு நின்றது.

"பிள்ளை, வெளியாலை ஒருக்கா வாறியே. ஒரு கதை" என்று மெதுவாகக் கலிஸ்ராவின் கையைத் தொட்டாள்.

அந்த நேரம் பார்த்து டொக்டர் உள்ளே வந்தார். கலிஸ்ரா தாயின் கையை விட்டுவிட்டு எழுந்தாள். மத்தியானத்திலிருந்து கேட்க நினைத்த ஒரு கேள்வி அவளிடம் இருந்தது. கம்சா கேட்காத தூரத்துக்கு, வார்ட்டு வாசலுக்கு, டொக்டரைக் கூட்டிக்கொண்டு போனாள். வின்சனும் பின்னால் வந்தான். தாயும் வந்தாள். தகப்பன் தோடம்பழத் தோலைக் கையில் வைத்தபடி கடைசியாக வந்தார்.

"எங்கள் ரெண்டு பேரிலையும் ஒருத்தருக்கும் பொருந்தாட்டி டொக்டர்?"

டொக்டர் பொய் சொல்லவில்லை. அப்படியும் நடக்கலாம் என்றார். தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதிதான் பொருந்துவார்கள். வெளியாரில் தேடுவது கடலில் ஊசி தேடுகிற வேலை, அதற்கு வேண்டிய காலம் கம்சாவிடம் இருக்குமோ தெரியாது. இரத்தம் ஏற்றி ஏற்றி இந்த வருஷ முடிவு வரை இழுக்கலாம்.

வின்சன் சுவரைப் பார்த்தான். நாலில் ஒரு பங்கு என்பது நேற்று நிறைய மாதிரி இருந்தது.

"இன்னொரு இடத்திலையும் மூலக்கலம் இருக்கு" என்று டொக்டர், அவர்களுடைய முகத்தைப் பார்க்க மாட்டாமல் சொன்னார். "பிள்ளை பிறந்த உடனை வெட்டி எறியிற தொப்புள்கொடி. அதுக்குள்ளை மிஞ்சி நிக்கிற இரத்தத்திலை நல்லா இருக்கு. வெளிநாட்டிலை அதைச் சேர்த்தெடுத்து, கம்சா மாதிரிச் சின்ன உடம்புகளுக்கு ஏத்திச் சுகப்படுத்தியிருக்கினம். பொருத்தம் அதுக்கும் நாலிலை ஒண்டுதான். ஆனா அதுக்கு இதே தாய் தேப்பனுக்கு இன்னொரு குழந்தை பிறக்க வேணும். உங்களுக்கு அது சரிவராத கதை. விடுங்கோ."

"இந்த வயசிலை அம்மாவோ" என்று வின்சன் சிரித்தான்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. யோசெப்புக்குத் திடீரென்று கூரையில் சுழல்கிற காற்றாடியைப் பார்க்கவேண்டி வந்தது. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"டொக்டர்" என்றாள் புனிதம். "அந்தக் கொடி இரத்தம், ஆஸ்பத்திரியிலை பெத்தாத்தான் எடுக்கலாமோ? இல்லாட்டி வீட்டிலை பெத்தாலும் எடுத்து வைப்பினமோ?"

"அம்மா, டொக்டர் சொன்னது என்னெண்டால்..." என்று தொடங்கிய கலிஸ்ரா பாதியில் நின்றாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாளாகப் படலையிலும் குசினியிலும் வார்ட்டிலும் தன்னை மறித்த அந்த முகத்தை இப்போதுதான் முதல்முறையாக நின்று பார்த்தாள்.

புனிதம் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்போடு செருகிக்கொண்டாள். வெட்கம் போய்விட்டிருந்தது. குரல் தெளிவாக வந்தது.

"கம்சா பிறக்கேக்கையே ஊர் சிரிச்சது. இந்தமுறை உங்கடை முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை பிள்ளையள். செபமாலை மாசத்திலை, ஒக்டோபரிலை, உங்களுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ பிறக்கும்."